கம்பன் கொடுக்காத இடது கை

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் படம் மாட்டியிருக்கும் உயரம் ஒரு அநியாயம். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிய நடையில், அறை நிலைகளுக்கும் மேலே, ஏணி போட்டால்தான் கை எட்டும் இடத்தில் ஆணி அடித்து, மேல்பக்கம் கம்பி கட்டி, முன்னால் குனிந்தாற்போலத் தொங்கவிட்டிருப்பார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஐயாக்களின் போட்டோ, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, இடையிடையே ஓவியர் ரவிவர்மாவின் சாமி படங்கள் என்று எல்லாம் ஒரே வரிசை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு ஊர் கூடும்போது வருகிற சின்னப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிவது பாதம்தான். முகம் கடைசியில் வரும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ரவிவர்மாவின் படங்களைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவதுதான் சரி என்பது என் கட்சி. முகத்தில் அவர் பல சமயம் பழகிய பாதையிலேயே போய்விடுவார். அதே பெரிய கண், அதே நீள மூக்கு, கொஞ்சம் கனவு கலந்த அதே பார்வை. தமயந்தியைச் சகுந்தலையின் இடத்தில் நிறுத்தினாலும் பெரிதாகச் சண்டை வராது. பாதத்திலும் மணிக்கட்டிலும் கழுத்துத் திருப்பத்திலும் அந்த அலட்சியம் கிடையாது. அங்கே அவர் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். அடுத்தவர் தோள்பட்டையையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டிருப்பது தொழில். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று கண் போய்விடும். படம் பார்க்கும்போதும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. முள்ளை எடுக்கிற சாக்கில் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை படத்தை எல்லோரும் காதல் படமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எனக்கு அது ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பெண்ணின் படம். ஒரு காலைத் தூக்கிவிட்டாள், தலையைப் பின்னால் திருப்பிவிட்டாள், இடுப்பும் முறுக்கியிருக்கிறது. இந்த நிலையில் யாரும் தனியாக நிற்க முடியாது, சாய்ந்துவிடுவார்கள். அதனால்தான் அவள் கை தோழியின் தோளைப் பிடித்திருக்கிறது. தோழி கதைக்கு மட்டும் வந்தவள் இல்லை. அந்த உடம்பின் இரண்டாவது கால் அவள்தான். அவளை எடுத்துவிட்டால் கதை தாக்குப்பிடிக்கும், சகுந்தலை விழுந்துவிடுவாள்.

கங்கை பூமிக்கு இறங்குகிற கங்காவதரணப் படத்தில் இதே கணக்கு வேறு மாதிரி போடப்பட்டிருக்கிறது. கால்களை அகட்டி ஊன்றி, கைகளை இடுப்பில் கொடுத்து, அண்ணாந்து நிற்கிறார் சிவன். மேலிருந்து பெரும் பாரம் இறங்கப் போகிறது என்பதை அந்த நிலையே சொல்லிவிடுகிறது. தண்ணீரை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் தெரியும். பக்கத்தில் பகீரதன் கைகூப்பி நிற்கிறான், பார்வதி நந்தி மேல் சாய்ந்திருக்கிறாள். ஒருவர் வேண்டுகிறார், ஒருவர் வேடிக்கை பார்க்கிறார், ஒருவர் மட்டும் தாங்கத் தயாராகிறார். மூன்று உடம்புகளின் இறுக்கமும் மூன்று வகை.

சரி, நான் எழுத வந்தது இந்த இரண்டைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டுக்குப் போகிற நடையில் தொங்கும் ஜடாயு வதத்தைப் பற்றி.

அதன் எண்ணெய் ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்தில் உள்ளது. எங்களிடம் இருப்பது அச்சுப் படம். வானத்தில் ராவணன். வலக் கையில் வாள், இடக் கையில் சீதை. எதிரே வெட்டுப்பட்ட சிறகோடு ஜடாயு. சீதை பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றே உயிர்கள். காலூன்ற நிலம் கிடையாது, சாய மரம் கிடையாது, பிடித்துக்கொள்ளத் தோழியும் கிடையாது. சகுந்தலைக்குக் கிடைத்த உதவி எதுவும் இங்கே இல்லை. அந்தரத்தில் இருக்கும் மூன்று உடம்புகளுக்கு எடை கொடுத்தாக வேண்டும். எடை தெரியாவிட்டால் படம் வெட்டி ஒட்டியது மாதிரி ஆகிவிடும். பிற்காலக் காலண்டர் படங்களில் பறக்கிற அனுமாரைப் பார்த்தால் தெரியும்.

எடை எங்கிருந்து வருகிறது? ராவணனின் இடது கையிலிருந்து. ஒருவரை ஒரு பக்கமாக அணைத்துத் தூக்கினால் உடம்பு தானாக மறுபக்கம் போகும், மறுபக்கத் தோள் வேலை செய்ய ஆரம்பிக்கும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் குடம் எடுக்கிற பெண்ணைக் கவனித்தால் முதுகெலும்பு எப்படி வளைகிறது என்று புரியும். ரவிவர்மா அதைப் புரிந்துகொண்டுதான் பாரத்தை ஒரு பக்கமும் வாளை மறுபக்கமும் கொடுத்தார். வாள் இங்கே ஆயுதம் மட்டும் இல்லை, தராசின் மறுதட்டும்கூட. சீதை சரிகிற கோடும் வாள்கையின் கோடும் ராவணனின் மார்பில் சந்திக்கின்றன. பறவையின் சிறகு அந்த இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நம் கண் வாளில் தொடங்கி, சிறகில் மாட்டி, சீதையின் கையில் போய் நிற்கிறது. அந்தக் கை கண்ணை மூடியிருப்பதால் பார்வைக்கு அதற்கு மேல் வழி இல்லை, திரும்பவும் வாளுக்கே வருகிறோம். படத்துக்குள்ளேயே நம்மைச் சுற்றவிடுகிறார் மனிதர்.

பறவையின் உடலமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பறவையின் சிறகும் நம் கையும் எலும்புக் கணக்கில் ஒன்றுதான். மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, அப்புறம் சுருங்கிப்போன விரல்கள். ஆக ஜடாயுவின் சிறகு போவது தோளோடு கை போவதற்குச் சமம். படத்தில் நடக்கிற எல்லாமே தோளில்தான் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெட்டுகிற தோள், சுமக்கிற தோள், வெட்டுப்படுகிற தோள். இது யோசித்துச் செய்ததா, கை தானாகப் போய் நின்றதா என்றெல்லாம் ஆராய எனக்கு ஆர்வம் இல்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் படத்தை அப்பத்தாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

"தொட்டுட்டானே ஆத்தா. இது நம்ம ராமாயணம் இல்ல" என்பார்.

காரைக்குடிப் பக்கத்தில் இப்படிச் சொல்ல ஒருவர் புலவராக இருக்க வேண்டியதில்லை. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து ஊரே பங்குனியில் கம்பனைக் கேட்டு வளர்ந்திருக்கிறது. கம்பன் சமாதி இருப்பதும் நாட்டரசன்கோட்டையில்தான். கம்பனின் ராவணன் சீதையைத் தொடுவதில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தொடக்கூடாது என்ற பிரமன் சாபத்தை நினைத்துக்கொண்டு, பர்ணசாலை இருந்த நிலத்தையே ஒரு யோசனை அளவுக்குப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். விழாவுக்கு ஒருமுறை போன குழந்தைக்கும் இது தெரியும். அந்த ஊரில், அந்த வீட்டில், நடையில் போகும்போதும் வரும்போதும் தலைக்கு மேலே ராவணன் சீதையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றால் அப்பத்தாவுக்கு எப்படி இருக்கும்!

ரவிவர்மா திருவிதாங்கூர்க்காரர், 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர், வடமொழிக் கதைகளில் ஊறியவர். வால்மீகியில் ராவணன் தொடுகிறான். தொடுவது மட்டுமா, ஒரு கையால் கூந்தலையும் இன்னொரு கையால் தொடையையும் பற்றித் தூக்குகிறான். அதனால் ஓவியர் வால்மீகியை வரைந்தார், நமக்குக் கம்பன், கணக்கு முடிந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு வால்மீகியை ஒழுங்காக எடுத்துப் பார்த்தால், இந்தப் படம் அவரிடமும் அப்படியே இல்லை. அங்கே ஜடாயு ராவணனின் இடப்பக்கத்துக் கைகள் பத்தையும் கொத்திப் பிய்க்கிறான், அவை மறுபடி முளைக்கின்றன. ராவணன் கோபத்தில் சீதையைக் கீழே விட்டுவிட்டுச் சண்டை போடுகிறான். அதற்குப் பிறகுதான் வாளை உருவிச் சிறகை வெட்டுகிறான். அதாவது வெட்டு விழும் நேரத்தில் சீதை அவன் கையில் இல்லை.

ஆக, அணைத்த கை ஒரு நேரம், வெட்டும் கை இன்னொரு நேரம். இரண்டையும் ஒரே உடம்பில் பூட்டியது ஓவியர். கதை கொடுக்காத அந்த ஒருங்கிணைப்பைத் தராசு கேட்டது, அவர் கொடுத்தார். சீதையைத் தரையில் விட்டிருந்தால் படத்தில் ஒரு சண்டையும் ஓரத்தில் ஒரு அழுகையும் இருந்திருக்கும். கண் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

தலை விஷயத்திலும் அப்படித்தான். பத்துத் தலை, இருபது கை ராவணனை அவர் வரையவில்லை. ஒரு தலை, இரண்டு கை. நம் கோயில்களில் கயிலையைத் தூக்கும் ராவணனுக்குக் கைகளை விசிறியாக விரித்து வைப்பார்கள், தலைகளை அடுக்கி வைப்பார்கள், அழகாகவே இருக்கும். கல்லில் அது முடியும், ஏனென்றால் அங்கே கழுத்துத் தசை எங்கே போய் ஒட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுந்து நிழல் மறுபக்கம் தேங்கும் உடம்பை வரைய ஆரம்பித்துவிட்டால் அந்தக் கேள்வி வந்துவிடும். பத்துத் தலைக்கு ஒரு தோள் போதாது.

நாலு கை லட்சுமியிலும் சரஸ்வதியிலும் அவர் தப்பிக்கிற விதம் சுவாரசியமானது. பின்னிரண்டு கைகள் எங்கே முளைக்கின்றன என்று தேடினால், சேலையோ கூந்தலோ முன்கையோ குறுக்கே வந்து அந்த இடத்தை மூடியிருக்கும். முழங்கையிலிருந்து விரல்வரை அப்பழுக்கில்லாத கை. அதற்கு மேலே கேட்காதே. திறமையான மழுப்பல். குறையாகச் சொல்லவில்லை, என்னைக் கேட்டால் இதுவும் உடலறிவுதான். பொருந்தாத மூட்டை எங்கே மறைக்க வேண்டும் என்று தெரிய, எது பொருந்தும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் குறை இருக்கிறது. ராவணன் மாதிரி மேலாடை இல்லாத ஆண் உடம்பு வரும்போது அவர் கை கொஞ்சம் தயங்குகிறது. கங்காவதரணத்துச் சிவனின் நிலை பிரமாதம், மார்பு மட்டும் மெத்தை. ராவணனின் தோளும் முன்கையும் சொல்லும் உழைப்பை விலாவும் வயிறும் சொல்வதில்லை, நகைகள் வந்து காப்பாற்றுகின்றன. இதற்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். அவர் ஓவியப் பள்ளியில் படித்தவர் இல்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்த மதுரை ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை என்பார்கள். பிறகு அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். ஐரோப்பாவில் மாணவர்கள் ஆடையில்லாத மாடலை எதிரே நிறுத்தி ஆண்டுக்கணக்கில் வரைந்து தசையைப் படித்தார்கள். இவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சேலைக்கு வெளியே தெரிகிற உடம்பை, அதாவது கை, கால், கழுத்தை, வீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர் பலமும் பலவீனமும் அந்தச் சேலைத் தலைப்பில் பிரிகிறது.

கலை விமரிசகர் ஆனந்த குமாரசாமி போன்றவர்கள் இவர் படங்களை நாடகத்தனம் என்று ஒதுக்கினார்கள். நாடகத்தனம் உண்டுதான். ரவிவர்மாவும் கூடவே வேலை செய்த தம்பி ராஜராஜ வர்மாவும் பம்பாயில் நாடகம் பார்த்தவர்கள். சீதை கண்ணை மூடும் அந்தக் கை மேடையில் பார்த்த கையாகவே இருக்கலாம். ஆனால் கடைசி வரிசைக்குக்கூடப் புரிகிற மாதிரி கை வைப்பது ஏணி உயரத்தில் தொங்கும் படத்துக்கு எவ்வளவு உதவி என்பது, விமரிசகர்கள் எங்கள் வீட்டு நடையில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த உயரத்துக்கு இவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அச்சகக் கதை. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்கள், சகுந்தலை பிறப்பு முதலில் வந்தது. பிறகு அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்குப் போனது, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கே போய்விட்டது. கல்லச்சு முறை. சுண்ணாம்புக் கல் பலகையில் பிசுக்குள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, உருளையால் மை ஏற்றுவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே சூட்சுமம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல், எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். அப்புறம் வார்னிஷ்.

இதில் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. எண்ணெய் ஓவியத்தில் வெளிச்சம் சதையின் மேல் வழுக்கிக்கொண்டே நிழலுக்குள் இறங்கும். கல்லச்சில் அந்த இறக்கம் புள்ளிகளாக உடைகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ராவணனின் தோள் மஞ்சள், சிவப்பு, பழுப்புப் புள்ளிகளின் கூட்டம். மென்மையான திருப்பங்கள், உதாரணமாகக் கழுத்தடிக் காரை எலும்புக்கு மேலே வரும் சின்னப் பள்ளம், புள்ளிக்குள் அடிபட்டுப் போகும். தூரத்திலிருந்தும் தெரிகிற பெரிய கோடுகள் தப்பிக்கும். ஆக அச்சில் பிழைத்தது அவருடைய சதை அல்ல, தராசு. மைசூரில் அசலைப் பார்த்தபோது அந்தத் தோலின் நிறமாற்றங்கள் எனக்குப் புதிதாக இருந்தன. படத்தின் கட்டமைப்பு மட்டும் ஏற்கெனவே மனப்பாடம்.

அச்சுக்குப் பிறகும் வீடு சும்மா விடவில்லை. எங்கள் லட்சுமி படத்துக்கு யாரோ ஒரு பெரியாத்தா, ஜரிகைத் துணி வெட்டி ஒட்டிச் சேலை கட்டி, ஜிகினா வைத்து நகை போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படிச் செய்தார்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் இன்றும் கண்ணில் படும். கடைக்காரர்கள் அதற்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். பார்க்க ஜொலிக்கும், ஆனால் முழங்காலின் மடிப்பு, இடுப்பின் சாய்வு, ஓவியர் மெனக்கெட்ட எல்லாம் ஜரிகைக்குக் கீழே போய்விட்டது. முகமும் கைகளும் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. எடையுள்ள பெண்ணாக வந்தவளைத் தஞ்சாவூர்ப் படத்து அம்மனாகத் திருப்பிவிட்டார்கள். வந்தவரை உள்ளூர்க்காரராக்கிவிடுகிற இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும், அந்த முழங்கால் போனதில் வருத்தமும் உண்டு.

ஜடாயு படத்துக்கு யாரும் ஜரிகை ஒட்டவில்லை. யாருக்கு ஒட்டுவது? ராவணனுக்கா?

அப்பத்தாவின் ஆட்சேபத்தை நான் இப்போது வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். அவர் சொன்னது பக்தியாக இருக்கலாம், ஆனால் அதற்குள்ளே ஒரு ஓவியக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்கு எடை என்று ஒன்றைக் கொடுத்துவிட்ட ஓவியர், தொடாமல் தூக்குவதை வரைய முடியாது. தூக்குவது என்றால் தசை இழுக்க வேண்டும், தோல் தோலில் பட வேண்டும். கம்பனை வரைய வேண்டுமானால் அளவையே கைவிட வேண்டும். ஒரு யோசனை நிலம் என்றால் பல மைல். அதை ஏந்துகிறவன் அருகில் சீதை கண்ணுக்கே தெரிய மாட்டாள். எங்கள் பக்கத்துக் கோபுரங்களில் சுதை வேலை செய்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. அங்கே யார் முக்கியமோ அவர் பெரியவர். குடிசையை விடச் சீதையைப் பெரிதாக வைத்து, அந்தக் குடிசையை ராவணன் உள்ளங்கையில் உட்கார வைத்தால் பார்க்கிறவர் ஒப்புக்கொள்வார். ஒரே இடத்தில் நின்று ஒரே கண்ணால் பார்த்து வரைகிற முறைக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்படியும் பென்சிலை வைத்துக்கொண்டு முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். கீழே ராவணன், இரண்டு கையும் தலைக்கு மேலே, வேர் தொங்கும் மண்கட்டி, அதன் மேல் குடிசை, வாசலில் சீதை. ராவணனின் தோள் ஒருவழியாக வந்துவிட்டது. பளு தூக்குகிறவர்களைப் பார்த்து வரைந்தேன். வாளுக்குத்தான் கை இல்லை. ஒரு கையை விடுவித்தால் நிலம் சாய்கிறது, சாய்ந்தால் சீதை வாசல் தூணைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதுகூடப் பரவாயில்லை. ஜடாயுவை எங்கே வைப்பது என்பதுதான் தீரவில்லை. மேலே வைத்தால் வாள் எட்டாது. பக்கத்தில் கொண்டுவந்தால் விரித்த சிறகு குடிசையை முழுசாக மறைத்துவிடுகிறது.